பழைய காருக்கும் ஒரு தெர்மாமீட்டர்!

குழந்தைக்கு உடம்பு சுட்டால் நாம் முதலில் தேடுவது தெர்மாமீட்டரைத்தான். 102 டிகிரி என்று காட்டினால் காய்ச்சல் என்று தெரிந்துகொள்கிறோம். அது சளிக் காய்ச்சலா, தொண்டைப் புண்ணா, டெங்குவா என்று தெர்மாமீட்டர் சொல்லாது. அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனாலும், "நேத்து ராத்திரி 102 இருந்தது டாக்டர்" என்று சொல்லும் தாய்க்கும், "என்னவோ சுடுது டாக்டர்" என்று சொல்லும் தாய்க்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா?

காருக்கும் அப்படி ஒரு தெர்மாமீட்டர் உண்டு. மெக்கானிக் ஷெட்டில் அதை 'ஸ்கேனர்' என்பார்கள். காரில் செருகினால், என்ன கோளாறு என்பதை ஓர் எண்ணாகக் காட்டும். புதுக் கார்க்காரர்களுக்குக் கவலையில்லை. கடையில் கிடைக்கிற எந்த ஸ்கேனரும் அநேகமாகப் பேசிவிடும். எங்களைப் போலப் பழைய காரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். எந்த ஸ்கேனர் நம் காருக்கு ஒத்துவரும் என்று பார்ப்பது, பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி. பொருத்தம் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தால் பிறகு வருத்தம்தான்!

"இதெல்லாம் ஆண்கள் சமாசாரம், நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே. ரிப்பேர் பில்லுக்குப் பணம் மளிகைக் கணக்கிலிருந்தும் பள்ளிக்கூட ஃபீஸிலிருந்தும்தானே போகிறது?

அந்த மஞ்சள் விளக்கு

ஸ்டியரிங்குக்கு எதிரே, என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று இருக்கும். சாவியைத் திருப்பியதும் மற்ற விளக்குகளோடு சேர்ந்து எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் ஏதோ கோளாறைக் கண்டு குறித்து வைத்திருக்கிறது என்று பொருள்.

காருக்குள் கம்ப்யூட்டரா என்று கேட்காதீர்கள். சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு பெட்டி. என்ஜினில் சுற்றும் தண்ணீர் எத்தனை சூடு, உள்ளே போகும் காற்று எவ்வளவு, புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் என்று பல இடங்களிலிருந்து சென்சார்கள் அதற்குச் சேதி அனுப்பியபடி இருக்கும். அதைப் பார்த்துத்தான் அது பெட்ரோலை அளந்து விடுகிறது. ஒரு சென்சாரின் சேதி நம்ப முடியாததாக இருந்தால், ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும்.

அந்தக் காலத்துக் கார்ப்யுரேட்டர் வண்டிகளில் இந்தப் பெட்டியே கிடையாது. நம் தாம்பரத்துக்கு அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சரி, முதன்முதலில் வந்த மாருதி 800-ம் சரி, காதால் கேட்டும் கையால் தொட்டும்தான் ரிப்பேர் பார்த்தார்கள். அவற்றுக்கு ஸ்கேனர் தேடுவதில் அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் இருந்தும் புது விதிகள் வருவதற்கு முன்னால் பிறந்த கார்கள்தான் இரண்டுங்கெட்டான். நம் விஷயம் அவற்றைப் பற்றியது.

எல்லாக் காரும் ஒரே பாஷை பேசுவதில்லை

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு காலத்தில் கண் எரிகிற புகைமூட்டம் கவிழ்ந்து கிடந்தது. அதற்குக் கார்ப் புகை ஒரு பெரிய காரணம் என்று 1950-களில் கண்டுபிடித்தார்கள். கார் தன் கோளாறைத் தானே கண்டு சொல்ல வேண்டும் என்ற சட்டம் பின்னால் அந்தக் கலிபோர்னியா மாநிலத்திலிருந்துதான் கிளம்பியது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கக் கார்கள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி எண்கள் கட்டாயம் ஆயின. ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-ல் வந்தது.

நம் நாட்டில்? பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் சென்னை உள்ளிட்ட பெரிய நகரங்களில் 2010 ஏப்ரலில் நடப்புக்கு வந்தபோதுதான் இதன் முதல் கட்டம் வந்தது. முழுமையான இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில்தான்.

இந்தத் தேதிகளை எதற்குச் சொல்கிறேன் என்றால், கடையில் விற்கும் மலிவு ஸ்கேனரின் அட்டைப் பெட்டியில், '1996-க்குப் பின் வந்த எல்லாக் கார்களுக்கும் பொருந்தும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது அமெரிக்கக் கணக்கு! நம் ஊரில் 2005-ல் வாங்கிய காருக்கு அந்த வாக்குறுதி செல்லாது. நம் ஊர்க் கணக்கு இப்படி:

2013 ஏப்ரலுக்குப் பின் தயாரான கார் என்றால் பெரும்பாலும் பிரச்னை இல்லை.

2010-க்கும் 2013-க்கும் நடுவே என்றால் பேசலாம், பேசாமலும் போகலாம். சோதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

2010-க்கு முன் என்றால், அந்தந்தக் கம்பெனி தன் சொந்தப் பாஷையைக் காருக்குக் கற்றுக் கொடுத்திருக்கலாம். பழைய மாருதி கார்கள் பலவற்றில் சுசுகி கம்பெனியின் தனிப் பாஷைதான். பொதுவான ஸ்கேனருக்கு அது புரியாது.

இதில் இன்னொரு வேடிக்கை. பழைய கார்கள் சிலவற்றிலும் டிரைவரின் முழங்காலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில், அதே 16 ஓட்டை சாக்கெட் இருக்கும். மேலே எட்டு, கீழே எட்டு. ஸ்கேனரும் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் விளக்குகூட எரியும், ஏனென்றால் 16-வது ஓட்டையில் பேட்டரி கரெண்ட் எப்போதும் வருகிறது. ஆனால் பேச்சு வராது. டெலிபோன் லைன் கிடைத்தும் அந்தப் பக்கம் பேசுகிறவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் எப்படி? அது மாதிரி!

எங்கள் வீட்டுக் கார்

எங்களுடையது 2007 மாடல். இவர் பி.எஃப். லோன் போட்டு, ஒரே கை மாறிய வண்டியாக வாங்கியது. 15 வருஷம் முடிந்ததும் 2022-ல் ஐந்து வருஷத்துக்குப் பதிவைப் புதுப்பித்தோம். என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்த பிறகு, வாரம் மூன்று நாள் குரோம்பேட்டைக்குப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது அந்த வண்டியில்தான். ஆட்டோவில் ஏற்றி இறக்குவது அவருக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். பம்மல் மெயின் ரோட்டுப் பள்ளங்களில் ஆட்டோ குலுங்கும்போது, "ஏம்மா, என்னைக் குணப்படுத்தக் கூட்டிப் போறியா, இல்ல எலும்பை ஒடிக்கக் கூட்டிப் போறியா?" என்பார்.

போன ஐப்பசியில், நாலு நாள் அடைமழைக்குப் பிறகு மஞ்சள் விளக்கு எரிந்தது, அணையவே இல்லை. முன்னால் இருக்கும் ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடியது. பின்னால் பெட்ரோல் நெடி. லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 9-க்கு இறங்கிவிட்டது.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய ஒர்க் ஷாப்பில் காட்டினோம். ஸ்கேன் எதுவும் செய்யாமலே, "மேடம், கம்ப்யூட்டர் போயிடுச்சு. புதுசு போடணும். 22,000 ஆகும்" என்றார்கள். இவர் முகம் வாடிவிட்டது. "இன்னும் ரெண்டு வருஷம் ஓடப்போற வண்டிக்கு 22,000-மா? பேசாம எடைக்குப் போட்டுடலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 20 வருஷம் தாண்டிய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள்.

"எண் என்னன்னு தெரியாம எப்படிங்க முடிவு பண்றது? டாக்டர் டெஸ்ட் எடுக்காம ஆபரேஷன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?" என்று கேட்டேன். வண்டியைத் திருப்பிக் கொண்டு வந்தோம்.

என் அக்கா பையன் தன்னுடைய ஸ்கேனரைக் கொண்டு வந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. புளூடூத் மூலம் செல்போனோடு சேர்ந்துகொள்ளும். அவனுடைய 2018 காரில் அட்டகாசமாக வேலை செய்கிறது. எங்கள் காரில் செருகினால் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. செல்போனோ, 'இணைக்க முடியவில்லை' என்று ஒரே பல்லவி. "சித்தி, உங்க காருக்கும் இதுக்கும் பொருத்தமே இல்ல" என்று சொல்லிவிட்டான்.

பிறகு எங்கள் தெருக்கோடி மெக்கானிக் தம்பியிடம் கேட்டேன். "அக்கா, 2007-ன்னா அந்தச் சின்ன மிஷின் சரிப்படாது. எல்லாக் கம்பெனி வண்டிக்கும் பார்க்கிற பெரிய ஸ்கேனர் வேணும். வாங்கணும்னா பல்லாயிரம் ஆகும். அனகாபுத்தூர்ல என் சிநேகிதன் ஷெட்ல இருக்கு. போன்ல கேட்டுட்டுப் போங்க" என்றான். போனில் கம்பெனி, மாடல், வருஷம், பெட்ரோலா டீசலா என்று நாலும் சொன்னேன். அந்தத் தம்பி தன் மிஷினின் பட்டியலைப் பார்த்து, "இருக்குங்க, கொண்டு வாங்க" என்றது. ஸ்கேன் செய்ய 400 ரூபாய்.

ஐந்து நிமிஷத்தில் எண் வந்துவிட்டது. என்ஜின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சார் லைனில் கோளாறு. கூடவே ஓர் அதிசயம். அந்த மிஷினில் சென்சார்கள் அப்போதைக்கப்போது சொல்வதையும் பார்க்கலாம். எங்கள் என்ஜின் தண்ணீரின் சூடு மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது! பம்மலில், பகல் பன்னிரண்டு மணிக்கு! காஷ்மீரில்கூட அந்தக் குளிர் கிடையாதே!

ஷெட் தம்பி சிரித்தது. "சென்சார் வயர் அறுந்தா இப்படித்தான் காட்டும், அக்கா. கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. அதனாலதான் கோளாறைப் பிடிச்சிருக்கு" என்று பானெட்டைத் திறந்து, வயரைத் தடவிக்கொண்டே போனது. ஓரிடத்தில் நிறுத்திக் காட்டியது. எலி கடித்து, செம்புக் கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்தது. மழை நாளில் கதகதப்புக்காக எலி என்ஜின் பக்கம் வந்து ஒண்டிக்கொள்வது நம் பக்கத்தில் சகஜம்தானே?

சூடு தெரியாத கம்ப்யூட்டர், என்ஜின் இன்னும் குளிர்ந்தே கிடக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறது. எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓட விட்டிருக்கிறது. நெடி, மைலேஜ், ஃபேன் எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சாண் வயர்! வயர் மாற்றி டேப் சுற்ற 450 ரூபாய். ஸ்கேன் கூலியோடு சேர்த்து 850. 22,000 எங்கே, 850 எங்கே!

வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஐந்து பொருத்தம்

வயதுப் பொருத்தம்: ஆர்.சி.யில் வண்டி தயாரான மாதமும் வருஷமும் இருக்கும். வாங்கிய தேதியை அல்ல, அதைப் பாருங்கள்.

சாக்கெட் பொருத்தம்: 16 ஓட்டை சாக்கெட் இருக்கிறதா? இல்லாமல் வேறு வடிவத்தில் இருந்தால் அந்தக் கம்பெனிக்கான மாற்று வயர் வேண்டும்.

பாஷைப் பொருத்தம்: பழைய கார்கள் பல, 'கே லைன்' எனப்படும் ஒற்றை வயர் வழியாகப் பேசுகின்றன. அது சாக்கெட்டில் ஏழாவது ஓட்டை. புதுக் கார்கள் 'கேன்' என்ற இரட்டை வயர் வழியாகப் பேசுகின்றன. அது 6-ம் 14-ம். மலிவுப் போலிகளில் சில, கேன் மட்டும் தெரிந்தவை. கடைக்காரரிடம், "கே லைன் உண்டா?" என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டதுமே அவர் உங்களை மரியாதையாகப் பார்ப்பார்!

போன் பொருத்தம்: சாதாரண புளூடூத் ஸ்கேனர்கள் ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்யும். ஐபோன் என்றால் வைஃபை உள்ளது அல்லது ஐபோனுக்கு என்றே சொல்லி விற்பது வேண்டும்.

மாடல் பொருத்தம்: இதுதான் முக்கியம். 'எல்லாக் காருக்கும்' என்ற சொல்லை நம்பாதீர்கள். உங்கள் கார் மாடலும் வருஷமும் அதன் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், பேசாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் சாவியை ஆன் செய்து, காரிலேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

என்னைக் கேட்டால், 2010-க்கு முந்தைய கார் வைத்திருப்பவர்கள் ஸ்கேனர் வாங்கவே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வரும் கோளாறுக்குப் பெரிய மிஷின் வாங்குவது, ஒரு டம்ளர் பாலுக்கு மாடு வாங்குகிற கதை. மிஷின் வைத்திருக்கும் ஷெட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும்.

விளக்கு மொழியும் உண்டு

ஸ்கேனர் எதுவும் ஒத்துவராத பழைய கார்கள் சிலவற்றில் இன்னொரு வழி இருக்கிறது. மெக்கானிக் குறிப்பிட்ட இரண்டு முனைகளை ஒரு வயரால் இணைத்தால், அந்த மஞ்சள் விளக்கே விட்டுவிட்டு மினுக்கி எண்ணைச் சொல்லும். ஒரு மினுக்கல், சிறு இடைவெளி, இரண்டு மினுக்கல் என்றால் 12. பழைய சுசுகி முறையில் 12 என்றால் 'கோளாறு ஏதும் இல்லை' என்று பொருள்.

தயவுசெய்து இதை வீட்டில் ஹேர்பின்னை வைத்துச் செய்து பார்க்காதீர்கள். பேட்டரி கரெண்ட் வரும் முனையில் பட்டால் ஃப்யூஸ் போய்விடும், கம்ப்யூட்டருக்கே கூட ஆபத்து. விவரம் தெரிந்த மெக்கானிக் செய்யட்டும். நாம் பக்கத்தில் நின்று மினுக்கலை எண்ணலாம். குழந்தைகளும் ஆசையாக எண்ணுவார்கள்.

எண் வந்த பிறகு

எண்ணை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பல ஸ்கேனர்களில் எண்ணை அழித்து விளக்கை அணைக்கும் வசதி உண்டு. அழித்ததும் கோளாறு சரியாகிவிடாது. தெர்மாமீட்டரை உதறினால் காய்ச்சல் போகுமா? பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் எண் அழிந்துவிடக்கூடும். அதனால் எழுதிக்கொள்ளும் முன் அதைத் தொட விடாதீர்கள்.

எண், எந்த லைனில் கோளாறு என்றுதான் சொல்லும். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பி0118 என்ற பொது எண், தண்ணீர்ச் சூட்டு சென்சார் லைனில் மின்அழுத்தம் அதிகம் என்கிறது. சென்சாரும் கெட்டிருக்கலாம், வயரும் அறுந்திருக்கலாம், செருகியும் கழன்றிருக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அதற்கு ஸ்பார்க் பிளக்கும் காரணமாகலாம், வேறும் இருக்கலாம். ஆகவே, "வயரையும் செருகியையும் பார்த்தீங்களா, தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் புதுப் பாகத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும்.

மலிவு ஸ்கேனர்கள் பொதுவாக என்ஜின் கோளாறை மட்டுமே படிக்கும். ஏர்பேக், ஏ.பி.எஸ். பிரேக் விளக்குகள் எரிந்தால் அவை உதவாது.

வேலை முடிந்ததும் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள். நாள்கணக்கில் செருகியே வைத்தால் பேட்டரியைக் குடித்துவிடும்.

எப்போது ஸ்கேனருக்குக் காத்திருக்கக் கூடாது?

ஆயில் விளக்கோ சிவப்புச் சூட்டு விளக்கோ எரிந்தால், ஓரமாக நிறுத்தி உடனே என்ஜினை அணையுங்கள். மஞ்சள் விளக்கு ஓடும்போது விடாமல் மினுக்கி, வண்டியும் வெட்டி வெட்டி இழுத்தால், அப்போதும் ஓட்ட வேண்டாம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அது விலை உயர்ந்த பாகம். பெட்ரோல் நெடி காருக்குள்ளேயே வீசினால் குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால், பல்பு கெட்டிருக்கலாம். கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியும் இருக்கலாம்!

மழைக்காலம் வருமுன் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை கிடக்கிறதா என்று ஒரு நோட்டம் விடுங்கள். வண்டி நிற்குமிடத்தில் குப்பையும் மீந்த சாப்பாடும் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு நோட்டில் பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, கார் தயாரான மாதம், வருஷம், வந்த எண், தேதி, என்ன செய்தோம், எவ்வளவு ஆயிற்று என்று எழுதி வையுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை மாதிரி அதுவும் ஒரு நாள் கைகொடுக்கும். மெக்கானிக்கிடம் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். கணக்கோடு வருகிற பெண்ணிடம், "கம்ப்யூட்டர் போயிடுச்சு" என்று யாரும் சுலபமாகச் சொல்லிவிட மாட்டார்கள்.